வாயில் இருக்க வேண்டிய பின்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லாரிக்கும் சைக்கிளுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம் என்று முப்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பியிருந்தவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, அதை நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருக்கிறேன். சந்தவாசலில் என் வாடகை சைக்கிள் கடை மூடப்பட்ட வாரம், டீக்கடையில் ஒருவர், "இனிமே இன்னாபா பண்ணப் போற?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். "ரெண்டு சக்கரம் பாத்தவனுக்கு ஆறு சக்கரம் பாக்கத் தெரியாதா?" என்று பதில் சொன்னேன். அந்த வாய் செய்த வேலையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கடை மூடியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வாடகைக்குப் போன சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வராமல் நின்றுபோய், கடைசியில் கடையில் காற்றடிக்கிற பம்பும் நானும்தான் மிஞ்சினோம். பம்பையாவது யாராவது கேட்டு வந்தார்கள்.

அது எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலைமேல் ஒரு கூட்டுறவு சங்கத்தில் ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. சங்கத்துக்கு ஒரே ஒரு லாரி. மலையில் விளைகிற புளி, சாமை, காட்டில் பொறுக்குகிற கடுக்காய் எல்லாவற்றையும் கீழே இறக்குவது அதுதான். பாதி தாரும் பாதி ஜல்லியுமாக இருந்த அந்த ரோட்டில், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்பிரிங் பட்டை உடையும், ஸ்டீரிங் ஆடும். கீழே இருக்கிற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டால், "மலைக்கா?" என்று கேட்டுவிட்டு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார்கள். அதனால் ஜமுனாமரத்தூரிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, நாலு பேருக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, ஸ்டீரிங்கையும் ஸ்பிரிங்கையும் மட்டுமாவது அங்கேயே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். ஒழுங்காக முடித்தால் ஒரு சான்றிதழ். சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருவருக்கு அந்தக் கொட்டகையிலேயே வேலை.

என் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள் வீலு பெண்டு எடுக்கவே உங்களுக்கு ரெண்டு நாளு ஆவுது. லாரிய நிமுத்தப் போறீங்களா?"

"லாரி பெருசும்மா. பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லாத் தெரியும்."

அவள் நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தால்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. சிலருக்குப் பயம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பேச்சு வரும். பயம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய நக்கல். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய தைரியசாலி மாதிரி தெரிவேன். அந்த மூன்று மாதமும் கொட்டகையில் நான் வாய் ஓயாமல் பேசினேன் என்றால், உள்ளே எப்படி நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு இருபத்துநாலு வயது. என்னைவிட எட்டு வயது சின்னவர். வேலூர்ப் பக்கம் ஏதோ பட்டறையில் நன்றாக வேலை கற்றவர். நாங்கள் அவரை சார் என்போம், அவர் என்னை அண்ணா என்பார். மற்ற மூவரையும் அப்படிக் கூப்பிடமாட்டார். முதலில் அதை மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, திட்டுவதற்கு முன்னால் அவர் போட்டுக்கொள்கிற கையுறை அது.

"அண்ணா, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போவாதீங்க. கட்டை வெச்சிட்டுப் போங்க."

"அண்ணா, அது ஸ்பிரிங்கு. குந்தறதுக்குப் போட்ட பெஞ்சு இல்ல."

இரண்டாவதாகச் சொன்னதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன். லாரியின் ஸ்பிரிங் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகள். நடுவில் ஒரு போல்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கோபத்தில் இருக்கிற பத்துப் பேரை ஒரே கயிற்றில் கட்டி உட்கார வைத்திருப்பது போலத்தான் அது. கட்டை அவிழ்க்கும்போது எவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று தெரியாது. சார் அப்படிச் சொன்ன கையோடு, இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் கொஞ்சம் நழுவியது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நாலடிகூட வைத்திருக்கமாட்டேன். ஒரு பட்டை எகிறிப் போய்க் கொட்டகையின் தகரச் சுவரில் அடித்தது. தகரத்தில் என் முகம் அளவுக்கு ஒரு பள்ளம். என் முகம் அளவுதானா என்று கிட்டே போய் வைத்தும் பார்த்தேன்.

"சார், எனக்கு அடுப்படி வேல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. பருப்பு எகிறி யாரையும் அடிச்சதா கேள்விப்பட்டதில்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நான் ஒருவன்தான் நிஜமாகக் கேட்டவன்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு இடையில் சில கம்பிகள் இருக்கின்றன. அந்தக் கம்பிகளின் முனைகளை நட்டு போட்டு இறுக்கிவிட்டு, நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு சின்ன பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். ஸ்பிளிட் பின் என்பார்கள். பார்ப்பதற்குப் பெண்கள் கொண்டையில் செருகுகிற ஊசி மாதிரிதான் இருக்கும்.

"நட்ட நீங்க எவ்ளோ இறுக்கினாலும் சரி, ரோடு சும்மா இருக்காது. தட்டித் தட்டியே கழட்டி வுட்ரும். வண்டியப் புடிச்சிக்கினு இருக்கறது இந்த ஊசிதான்" என்பார் சார்.

இந்தப் பின்களை வேலை செய்கிறவன் உதட்டில் கவ்விக்கொண்டுதான் வண்டிக்கு அடியில் போக வேண்டும். கீழே வைத்தால் மண்ணில் தொலைந்துவிடும், சட்டைப் பையில் போட்டால் மறந்துவிடும். எத்தனை மூட்டோ அத்தனை பின். செருகச் செருக வாய் காலியாகும். வாய் காலியானால் வேலை முடிந்தது. அடியிலிருந்து வெளியே வருகிறவனின் வாயைத்தான் சார் முதலில் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வண்டியைப் பார்ப்பார்.

நல்ல வழக்கம்தான். அதை உண்டாக்கியவருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான் அதிலிருந்த குறை.

லாரி ஓட்டியவர் வாணியம்பாடிக்காரர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும். கடுக்காய் மூட்டைகளைக் கொண்டுபோய் அங்கே தோல் பதனிடுகிற இடங்களில் இறக்கிவிட்டு வருவார். நான் எவ்வளவு பெரிய ஜோக் அடித்தாலும் சிரிக்காத ஒரே மனிதர் அந்த மலையில் அவர்தான். அவரிடமும் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டீரிங்கில் யார் கை வைத்தாலும், அந்த ஆள் முதல் நடை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்க வேண்டும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ போட்ட நட்டுல நான் மட்டும் ஏன் போவணும்? நீயும் வா" என்றார்.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஸ்டீரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற நீளக் கம்பியின் இரண்டு முனைகளும் தேய்ந்துபோய் வண்டி ஆடத் தொடங்கியது. சார் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இத நீங்க ஒண்டியா செய்யுங்க. நான் கிட்ட வரமாட்டேன். இதப் பாத்துட்டுதான் சர்டிபிகேட்ல கையெழுத்து."

இரண்டு முனை, இரண்டு பின். சார் எண்ணி என் கையில் வைத்தார். இரண்டையும் உதட்டில் கவ்விக்கொண்டு அடியில் போனேன்.

மறுநாள் காலையிலேயே வண்டி கீழே போக வேண்டும் என்பதால் மேலே மூட்டை ஏற்றுவதையும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் மல்லாந்து கிடக்கிறேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே லாரி. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் ஸ்பிரிங் முனகியது. கட்டை வைத்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரியும். புத்தியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் வேறு மாதிரி தெரிந்தது. முதல் முனையைப் பூட்டி, பின்னைச் செருகி, காலை மடக்கினேன். இரண்டாவது முனையில் நட்டை இறுக்கி முடித்த நேரம் பார்த்து, மேலே யாரோ இரண்டு மூட்டையை ஒன்றாகப் போட்டார்கள். வண்டி ஓர் அங்குலம் இறங்கி ஏறியது. கண்ணில் மண் விழுந்தது. அந்தக் கணத்தில் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சாகவில்லை என்று தெரிந்ததும் பேச்சு வந்துவிட்டது. பேச வேண்டுமென்றால் வாயிலிருக்கிற பின்னை எடுக்க வேண்டும். எடுத்தேன்.

"ஐயா, மூட்டைய மெதுவாப் போடுங்க. அடியிலயும் ஒரு மூட்ட இருக்குது."

மேலே சிரித்தார்கள்.

"இந்த மூட்ட தட்டையா வூட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி சேத்துக்க மாட்டா."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கை தன்பாட்டுக்கு ஒரு டப்பா கிரீஸை எடுத்து, பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் வழித்துப் பூசியது. மூன்றாவது ஜோக்கைச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். சார் என் வாயைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. காலியாக மட்டுமா இருந்தது, மூடாமலும் இருந்தது.

"ரெண்டும் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். சார் குனிந்து அடியில் பார்த்தார். கிரீஸ்தான் தெரிந்தது.

"இன்னாண்ணா இது, சோத்துக்கு நெய்யி வுட்டா மாரி?" என்று சிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மூட்டைகளின்மேல், அடிவாரத்து ஆலங்காயம் போகிற மலைக்காரர்கள் ஆறு பேர். கேபினில் பாய், அவருக்குப் பக்கத்தில் நான், எனக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்காரர், ஜன்னலோரம் அவர் மனைவி. அவள் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தைக்குக் காதுவலி, காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். கீழே ஆஸ்பத்திரியில் காட்டக் கொண்டுபோகிறார்கள். அது சிணுங்கிக்கொண்டே வந்தது. நான் கண்ணை உருட்டி, காதை ஆட்டிக் காட்டினேன். எனக்குக் காது ஆட்டத் தெரியும், தெரிந்த ஒரே உருப்படியான வித்தை அது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம் தாவியது. அந்தப் பெண் லேசாகச் சிரித்துவிட்டு, குழந்தையைக் கணவன் மடிமேல் நகர்த்தி என்னிடம் விட்டாள்.

இறக்கம் தொடங்கியது. அந்த ரோட்டுக்கு ஓரச்சுவர் கிடையாது. வளைவுகளில் முன்கண்ணாடியில் ரோடே தெரியாது, வானம்தான் தெரியும். வழக்கம்போல எனக்கு வாய் வந்துவிட்டது.

"பாய், நான் கை வெச்ச ஸ்டீரிங்கு. லெப்டுல ஒடிச்சா ரைட்டுல போவும், பாத்துக்கங்க."

பாய் ரோட்டைப் பார்த்தார்.

"கழண்டு கையோட வந்திச்சின்னா கவலப்படாதீங்க. வூட்ல ஒரு சைக்கிள் ஹேண்டில் பாரு சும்மாதான் கெடக்குது."

மலைக்காரர் சிரித்தார். பாய் கியரை மாற்றிவிட்டு, "மலை எறங்கச்சொல்ல இதப் பத்தி பேசக் கூடாதுபா" என்றார்.

மூன்றாவது வளைவோ நாலாவது வளைவோ தாண்டியிருப்போம். குழந்தை என் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. பீடிக்கட்டை எடுத்துக் கீழே போட்டது. பிறகு வேறு எதையோ எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. "ஐய, கக்கா" என்று நான் விரலை விட்டு அதை வெளியே எடுத்தேன்.

பின்.

அதன் இரண்டு காலும் நேராக இருந்தன. மடக்காத கால்கள். புதுப் பின்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. அதுவரை நான் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் விளையாட்டு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் பயந்து பேச்சு வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

இப்போது சொல்லப் போவதை நான் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு வளைவு சும்மா வந்தேன். சொன்னால் சார் கையெழுத்துப் போடமாட்டார், வேலை போய்விடும், சந்தவாசல் டீக்கடையில் பம்புக்காரனாகத் திரும்பி உட்கார வேண்டும் என்று எண்ணினேன். நட்டைத்தான் நன்றாக இறுக்கினேனே, ஆலங்காயம் வரைக்கும் தாங்காதா என்று எண்ணினேன். ஆலங்காயத்தில் டீக்கு நிறுத்துவார், அப்போது சத்தமில்லாமல் அடியில் போய்ச் செருகிவிடலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன். மேலே ஆறு பேர், கேபினில் நாலு பேர், என் மடியில் ஒரு குழந்தை. குழந்தை என் மோவாயைப் பிடித்து இழுத்து, மறுபடி காதை ஆட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஆட்டினேன். அதுவும் உண்மை. அந்த நிலையிலும் காதை ஆட்டினேன்.

அடுத்த வளைவில் பாய் ஸ்டீரிங்கை ஒடித்தார். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பியது. பாய் கையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"லேசா ஆடுதே" என்றார், தனக்குத்தானே.

"பாய்" என்றேன். "நிறுத்துங்க. ஸ்டீரிங்குல ஒரு பின்னு போடல."

பாய் சிரித்தார்.

மூன்று மாதமாக நான் உயிரைக் கொடுத்து ஜோக் அடித்தும் சிரிக்காத மனிதர், வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா கீதுபா இது" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து மலைக்காரரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். நடுவில் பின் கிடந்தது.

பாய் அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. முன்னால் நூறு கஜத்தில் அடுத்த வளைவு. அங்கே வலப்பக்கம் மொத்தமும் பள்ளம்.

சட்டென்று பிரேக்கை மிதிப்பார் என்று நினைத்தேன். மிதிக்கவில்லை. ஸ்டீரிங்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்தார். வண்டி உறுமியது. இன்னும் ஒரு கியர் குறைத்தார். "எல்லாம் புடிச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னார். இடது சக்கரங்களை மெல்ல ஓரத்துக் கால்வாயில் இறக்கி, லாரியின் தோளை மலைச்சரிவில் சாய்த்தார். செடிகளும் கிளைகளும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தன. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மண்ணும் கல்லும் உரசுகிற சத்தம் நீண்டுகொண்டே போய், பிறகு நின்றது.

கண்ணைத் திறந்தேன். வளைவுக்கு இருபதடி இருந்தது.

பாயின் கால் பிரேக்கின்மேல் இருந்தது. "எறங்கி கல்லு வை" என்றார்.

இடது கதவு மலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை அதன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பாயின் மடிமேல் ஏறி, அவர் தொப்பியைத் தட்டிவிட்டு, வலப்பக்கக் கதவு வழியாக விழுந்தேன். இறங்கினேன் என்று எழுத ஆசைதான். எழுந்து ஓடி, கண்ணில் பட்ட முதல் கல்லைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அது மலையின் ஒரு பகுதி என்று புரிவதற்குள், மேலிருந்து குதித்த மலைக்காரர்கள் நாலு பக்கச் சக்கரங்களுக்கும் கல் வைத்து முடித்திருந்தார்கள்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். பாய் வலது சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு உள்ளே பார்த்தார். கிரீஸை விரலால் வழித்தேன். முதல் முனையில் பின் இருந்தது. இரண்டாவது முனையில் நட்டு கடைசிப் புரியில் நின்றது. விரலால் தொட்டேன். சோடா மூடி மாதிரி சுற்றியது. கூம்பு மாதிரி இருக்கிற முனை துளைக்குள் சிக்கிக்கொண்டிருந்ததால்தான் கம்பி இன்னும் விழாமல் இருந்தது. இன்னும் ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு. நான் விரலை எடுத்ததும் பாயும் கையை நீட்டி அந்த நட்டைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மேலே முழுப் பாரம். சரிவில் நிற்கிற வண்டி. தாங்குவது நாலு கல். முந்தின நாள் கொட்டகையில் பயந்ததை நினைத்தால் சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரிக்கிற நிலையில் வாய் இல்லை. நட்டை இறுக்கினேன். நட்டில் இருக்கிற வெட்டும் உள்ளே இருக்கிற துளையும் நேர்கோட்டில் வந்தால்தான் பின் போகும். வந்தது. பின் நழுவிப் புழுதியில் விழுந்தது. தலையைத் திருப்ப இடமில்லை. விரலால் மண்ணைத் தடவித் தடவித் தேடினேன். அகப்பட்டபோது அதை உதட்டில் கவ்விக்கொண்டேன். மண்ணும் கிரீஸும் கலந்து நாக்கில் கரித்தது. பிறகு செருகி, இரண்டு காலையும் மடக்கி, சுத்தியால் தட்டினேன். தட்டிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் தொட்டேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை. கடைசியில் பாய், "போதும், வா" என்றார்.

சான்றிதழ் பிறகு கிடைத்தது. சாரிடம் நானே சொன்னேன். அவர் கையெழுத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டார், அந்த ஒரு மாதமும் என்னை அண்ணா என்று கூப்பிடவே இல்லை. அந்தக் கொட்டகையில் பிறகு பல வருடம் வேலையும் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது, அந்தச் சான்றிதழ் என் ஞாபகத்திலேயே இல்லை.

எல்லோரும் ரோட்டில் இறங்கி நின்றிருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. கேபினில் வந்த மலைக்காரர் கிட்டே வந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"அது இல்லாமதான் இம்மாந் தூரம் வந்தோமா?"

"ஆமாங்க."

"மேலேர்ந்தேவா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கல்லை எடுத்தார்கள். பாய் வண்டியைக் கால்வாயிலிருந்து ரோட்டுக்கு ஏற்றி, அங்கேயே ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். நானும் என் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி அந்த வளைவை நல்லபடியாகத் திரும்பியது.

கொஞ்ச தூரம் போனதும் குழந்தை மறுபடி சிணுங்க ஆரம்பித்தது. அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. நான் கையிலிருந்த கிரீஸை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கைகளை நீட்டினேன்.

"குடுங்கம்மா, நான் வெச்சிக்கிறேன்."

அவள் குழந்தையின் கைகளை மடக்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டயே இருக்கட்டும்."